சோனோபொரேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில் நடந்தால் ‘ஸ்கேன்’ என்ற பலகை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஸ்கேன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, வயிற்றில் பசை தடவிப் படம் பார்ப்பதுதான். அந்தப் படத்தை எடுக்க உதவும் ஒலியைக் கொண்டே, இரத்தக்குழாய்ச் சுவர் போன்ற இடங்களில் செல்லின் சவ்வைத் திறந்து மருந்தையோ மரபணுவையோ உள்ளே சேர்க்கும் வழிக்குப் பெயர் ‘சோனோபொரேஷன்’.

லத்தீனில் ‘சோனுஸ்’ என்றால் ஒலி. பின்பாதியின் வேர் கிரேக்கத்தின் ‘போரோஸ்’. வழி, கடவு என்று பொருள். மின்துடிப்பால் செல் சவ்வைத் திறக்கும் ‘எலக்ட்ரோபொரேஷன்’ இதற்கு மூத்த சொல்.

ஒலிப் பகுதிக்குத் தமிழில் சிக்கல் இல்லை. 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது மீயொலி. இலக்கண வகுப்பின் ‘மீமிசை ஞாயிறு’ நினைவிருந்தால் ‘மீ’ என்பது மேல் என்று விளங்கும். சிலர் எழுதும் ‘கேளா ஒலி’ எனக்கு உடன்பாடில்லை. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியும் நமக்குக் கேட்பதில்லையே!

அடுத்த பாதியை மொழிபெயர்க்கும் முன் செயல்முறையைப் பார்க்க வேண்டும். சில மைக்ரான் அளவே உள்ள வாயுக் குமிழிகளை இரத்தத்தில் செலுத்துகிறார்கள். கொழுப்பாலோ புரதத்தாலோ ஆன மெல்லிய ஓடு கொண்ட அவற்றில் மரபணுவை ஒட்டவைக்கலாம். மென்மையான மீயொலி பட்டால் குமிழிகள் அதிர்ந்து எதிரொலிக்கும். அவை எங்கே வந்திருக்கின்றன என்பது திரையில் தெரியும். வேண்டிய இடத்தை அடைந்ததும் ஒலியின் அழுத்தத்தைக் கூட்டினால் குமிழிகள் உடையும். அருகிலுள்ள செல் சவ்வில் நுண்துளைகள் திறக்கும், மரபணு உள்ளே நுழையும், பிறகு துளைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். அடைத்த இரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் ‘ஸ்டென்ட்’ என்ற வலைக்குழாயை வைத்த பின் தசைச் செல்கள் பெருகிக் குழாய் மறுபடி சுருங்குவதைத் தடுக்க இவ்வழி உதவுமா என்று பார்க்கிறார்கள். இரத்தக்குழாயைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குகளிலும் நடக்கும் ஆய்வு.

வேலூர் சி.எம்.சி. 2024 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்ட, இரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ‘ஏ’ நோய்க்கான மரபணு சிகிச்சை வேறு வகை. அதில் ஐந்து நோயாளிகளின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, வைரஸ் வழியாக மரபணுவை ஏற்றி, திரும்பச் செலுத்தினார்கள். இங்கோ வைரஸ் கட்டாயமில்லை. வேலை முழுவதும் உடலுக்குள்ளேயே நடக்கிறது.

இனி, சொல். ‘ஒலித் துளையிடல்’ என்றால், பாலாறு வறண்டு கிடக்கும் எங்கள் பக்கத்தில் போர்வெல் லாரிதான் மனத்தில் வந்து நிற்கும். போட்ட துளை மூடாது. துளையைக் குறிக்கும் ‘புரை’ நல்ல பழஞ்சொல்தான். ஆனால் கண்புரையும் புரையோடிய புண்ணும் அதை நோயின் பக்கம் இழுத்துவிட்டன. ‘மீயொலித் துளைதிறப்பு’ என்பதே என் தேர்வு. திறப்பது மூடவும் கூடும் என்ற குறிப்பு அதில் இருக்கிறது.

குமிழிகளைத் திரையில் பின்தொடர்வதற்கு இச்சொல் பொருந்தாது. அது ‘மீயொலி வழிகாட்டல்’. கருவி ஒன்றாகவே இருந்தாலும் வேலை வேறு.