நண்டுக் கம்பெனிக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நண்டும் இறாலும் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றின் குளிர் அறைக்குக் கருவி செய்து கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எத்தனை டிகிரி, கதவை எப்போது திறந்தார்கள் என்று குறித்துவைக்க வேண்டும். சூடு ஏறினால் முதலாளியின் போனுக்குத் தகவல் போக வேண்டும். வாசலில் தொடுதிரையும் கேட்கிறார். இந்தக் கருவிப் பெட்டி மொத்தம் ஐம்பதுதான் விற்கும். இந்த இடத்தில்தான் பலர் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரைக் கையில் எடுக்கிறார்கள்.

பிள்ளைகள் புரோகிராமிங் பழகட்டும் என்று 2012-ல் 35 டாலருக்கு வந்த, ஏடிஎம் கார்டு அளவு போர்டு அது. அதை விற்கிற பொருளுக்குள் வைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் செலவுக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு கம்ப்யூட்டர் போர்டை நாமே செய்தால் என்ன ஆகும்? பிராசசருக்கும் மெமரிக்கும் நடுவே நொடிக்குப் பல கோடி முறை தகவல் ஓடுகிறது. அந்தச் செம்புக் கோடுகளின் நீளம் ஒத்துப்போகாவிட்டால் ஒரு பிட் முந்தும், இன்னொன்று பிந்தும். போர்டு கிளம்பவே கிளம்பாது. அதனால் பல அடுக்கு போர்டு, சோதனை, திருத்தம், மறுபடி சோதனை. அப்புறம் அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஓட வைக்க வேண்டும். இந்தச் செலவு ஒரு பெட்டி விற்றாலும் லட்சம் பெட்டி விற்றாலும் ஒன்றுதான். ஐம்பதால் வகுத்தால் தாங்காது. கோடிக்கணக்கில் விற்கும் ராஸ்பெரி பையில் அது சில்லறையாகிவிடுகிறது. சென்சரும் ரிலே சுவிட்சும் மாட்டும் எளிய போர்டை மட்டும் நாம் செய்தால் போதும். இதற்கென்றே 2014-ல் கம்ப்யூட் மாட்யூல் என்ற வடிவமும் வந்தது.

சரி, நம் கடற்கரையில் தாங்குமா? முதல் எதிரி கரண்ட் கட். ராஸ்பெரி பை வழக்கமாகத் தன் தகவலை எஸ்டி கார்டில்தான் வைக்கும். அந்தக் கார்டில் எழுதியதன் மேலேயே எழுத முடியாது. ஒரு பெரிய பகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அதனால் கார்டு தகவலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எது எங்கே என்று உள்ளே ஒரு அட்டவணையும் வைத்திருக்கும். அதைத் திருத்தும் நொடியில் கரண்ட் போனால், தொடாத பழைய பைலும் காணாமல் போகலாம். சிறு பேட்டரி ஒன்றை வைத்து, ஒழுங்காக அணைய விடுவதுதான் வழி.

அடுத்தது உப்பு. காற்றோடு வந்து படியும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பின்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலம். அதன் வழியே கசியும் மின்சாரம் செம்பை அரித்துப் பச்சை பூக்க வைக்கும். போர்டுக்கு வார்னிஷ் போன்ற பூச்சு அடிக்கலாம். ஆனால் கார்டு செருகும் இடத்தில் அடித்தால் தொடர்பே கிடைக்காது. எனவே பெட்டி மூடிக்கு ரப்பர் வாஷர் போட்டு இறுக்கியே ஆக வேண்டும்.

தொடுதிரை வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டால் நான் ராஸ்பெரி பையைத் தொடமாட்டேன். வைஃபை உள்ள சின்ன சிப்பான, சில நூறு ரூபாய் இஎஸ்பி32 போதும். அதற்கு எஸ்டி கார்டே தேவையில்லை. கரண்ட் வந்த உடனே வேலையைத் தொடங்கிவிடும்.