குழம்புச் சட்டியில் ஒரு டைனோசர் கண்

நாங்குநேரிப் பக்கம் எங்கள் வீட்டில் நாட்டுக்கோழி அடித்தால் தலை எனக்குத்தான். கறியைத் தின்று முடித்துவிட்டுக் கண்ணைப் பிரிப்பேன். உள்ளே சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக ஓர் எலும்பு வளையம் இருக்கும். நகத்தால் நெம்பினால் தனித்தனியாக உதிரும்; ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிய மெல்லிய தகடுகள், பெரும்பாலும் 14. "எச்சிக் கையக் காய வச்சுக்கிட்டு என்னல பண்ணுத?" என்பாள் ஆச்சி.

நமக்கு இந்த வளையம் கிடையாது. முதலைக்கும் கிடையாது. பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் உண்டு, டைனோசர்களுக்கும் இருந்தது. கண்ணின் சதை அழுகிப்போகும், எலும்பு கல்லாகி நிற்கும். அதனால்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் டைனோசரின் கண்ணைப் பற்றிப் பேச முடிகிறது. நம் ஊர்ப் பாறைகளில் தேடிப் பயனில்லை. டைனோசர் பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே உருவானவை இவை. எலும்பும் முட்டையும் பார்க்க அரியலூர்ப் பக்கம்தான் போக வேண்டும்.

வளையத்தின் நடு ஓட்டை பெரிதாக இருந்தால் உள்ளே நிறைய வெளிச்சம் போகும். இருட்டில் நடமாட அது வசதி. இதை வைத்து லார்ஸ் ஷ்மிட்ஸ், ரியோசுகே மோடானி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011இல் ஒரு கணக்குப் போட்டார்கள். வெலாசிராப்டர் போன்ற சிறிய வேட்டையாடிகள் ராத்திரி நடமாடியவை, பெரிய தாவர உண்ணிகள் பகலிலும் இரவிலும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்தவை என்று வந்தது. கணக்கை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. எனக்கென்னவோ இது நம்பும்படி இருக்கிறது: அந்த உடம்பை வைத்துக்கொண்டு பகல் மேய்ச்சல் மட்டும் எப்படிப் போதும்?

சரி, டைனோசர் கண்ணுக்கு நிறம் தெரிந்ததா? அதற்கு எலும்பு உதவாது, சொந்தக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். உயிரோடு இருப்பவற்றில் டைனோசருக்கு நெருங்கியவை இரண்டு கூட்டம்: அதன் வாரிசுகளான பறவைகள், பங்காளி முறையில் முதலைகள். நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் நம் கண்ணில் மூன்று வகை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் இரண்டே வகை. கோழிக்கோ நான்கு! போதாததற்கு ஒவ்வொரு கூம்பிலும் ஒரு துளி எண்ணெய். பலவற்றில் அது சிவப்பு, மஞ்சள் என்று நிறம் ஏறியிருக்கும். ஒளியை வடிகட்டி அனுப்பும் வேலை அதற்கு. இந்த நிறச்சத்து தீனியிலிருந்து வருவது, முட்டைக் கருவை மஞ்சளாக்குகிற அதே வகைதான்.

நான்கு கூம்பு என்பது முதுகெலும்புள்ள விலங்குகளின் பழைய சொத்து. பாலூட்டிகள் நாம்தான் அதில் பாதியைத் தொலைத்தோம். டைனோசர் காலத்தில் நம் முன்னோர் எலி மாதிரி இருட்டில் பதுங்கித் திரிந்தார்கள். இருட்டில் நிறத்துக்கு என்ன வேலை? குரங்கு வழி வந்த நமக்கு மூன்றாவது பின்னால்தான் திரும்பக் கிடைத்தது. டைனோசருக்கு நான்கும் இருந்திருக்கும் என்பதே பொதுவான கருத்து. மயில் தோகை நம் கண்ணுக்கே இப்படி என்றால், பெட்டை மயிலுக்கு எப்படித் தெரியுமோ!

அசையாமல் நின்றால் டி-ரெக்ஸ் என்ற பெரிய வேட்டை டைனோசருக்குத் தெரியாது என்று நம்ப வைத்த 'ஜுராசிக் பார்க்' சினிமாவை மறந்துவிடலாம். 2006இல் கென்ட் ஸ்டீவன்ஸ் என்ற ஆய்வாளர் தலை மாதிரிகளை வைத்து அளந்தபோது, அதன் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு சுமார் 55 பாகை என்று வந்தது. பருந்தினத்தையே மிஞ்சும் அளவு. மூக்குப் பக்கம் ஒடுங்கி, கண் முன்னோக்கி இருந்ததால் வந்த வசதி. எட்ட நிற்கும் இரை எவ்வளவு தூரம் என்று கணிக்க இதுதான் வேண்டும். அதற்கு முந்திய காலத்து வேட்டை டைனோசரான அல்லோசாரஸுக்கு இது 20 பாகை அளவுதான்.

இரையாகிற பிராணியின் கணக்கு வேறு. கோழிக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில். தலையைத் திருப்பாமலே சுமார் 300 பாகை சுற்றிப் பார்க்கும், ஆனால் நேர் எதிரே இரண்டு கண்ணும் சேர்வது கொஞ்சம்தான். அதனால் வானத்தில் ஏதாவது பட்டால் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும். முற்றத்தில் தாய்க்கோழி அப்படி நின்றால் ஆச்சி முறத்தைக் கீழே வைத்துவிடுவாள். "பருந்து சுத்துது போல, குஞ்சப் பிடிச்சு அடைல." நான் அண்ணாந்து பார்ப்பேன், கூசும் வெயில் மட்டும்தான் தெரியும். கொஞ்சம் கழித்துத்தான் பனைக்கு மேலே ஒரு கரும்புள்ளி வட்டமிடும்.