பள்ளி மழைமானியும் செயற்கைக்கோள் காட்டும் மழையும்

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது, சில கிலோமீட்டர் தெற்கே உள்ள திருச்செந்தூரில் அதே நேரத்தில் பதிவானது 69 செ.மீ. செயற்கைக்கோள் தரவைக் கொண்டு மழையைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் இந்த இரண்டு எண்களிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். நாசா இலவசமாக வழங்கும் ஐமெர்க் என்ற மழைத்தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 11 கி.மீ. என்பதால், இவ்விரு ஊர்களும் ஒரே கட்டத்திலோ அடுத்தடுத்த கட்டங்களிலோ அடங்கிவிடும். மழைமானி ஒரு புள்ளியில் விழுந்த நீரை அளக்கிறது. செயற்கைக்கோள் தருவதோ நூறு சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பின் சராசரி மதிப்பீடு.

மதிப்பீடு என்ற சொல்லை மாணவர்கள் அழுத்திப் படிக்க வேண்டும், ஏனெனில் எந்தச் செயற்கைக்கோளும் தரையில் தேங்கும் நீரின் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. நாசாவும் ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்சாவும் இணைந்து 2014 பிப்ரவரியில் ஏவிய ஜிபிஎம் செயற்கைக்கோள் 400 கி.மீ.க்கும் அதிகமான உயரத்தில் சுற்றுகிறது. அதிலுள்ள ரேடார் இரண்டு அலைவரிசைகளில் துடிப்புகளை அனுப்பி, மழைத்துளிகளும் பனித்துகள்களும் எதிரொலிப்பதைக் கொண்டு மேகத்தின் உட்பகுதியை அடுக்கடுக்காக அறிகிறது. உடனிருக்கும் நுண்ணலைமானி எதையும் அனுப்புவதில்லை. பூமியும் வளிமண்டலமும் இயல்பாக உமிழும் நுண்ணலைகளை மட்டுமே பெறுகிறது.

இந்த நுண்ணலைமானிக்குக் கடலும் நிலமும் ஒன்றல்ல. கடற்பரப்பு நுண்ணலைகளைக் குறைவாக உமிழ்வதால் அதன் மேல் பெய்யும் மழை நுண்ணலைப் படத்தில் வெப்பமான, அதாவது அதிகமாக உமிழும், திட்டாகத் தனித்துத் தெரிகிறது. நிலமோ தானே அதிகமாக உமிழ்வதால் மழைத்துளிகளின் உமிழ்வு அதில் கலந்து மறைந்துவிடுகிறது. ஆகவே மேகத்தின் மேற்பகுதியில் உள்ள பனித்துகள்கள் உயர் அதிர்வெண் அலைகளைச் சிதறடிப்பதைக் கொண்டே கீழே பெய்யும் மழையைக் கணிக்க வேண்டியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவக்காற்று சரிவில் ஏறும்போது, பனி அதிகம் உருவாகாத உயரம் குறைந்த மேகங்களே பெருமழையைத் தந்துவிடுவதுண்டு. அத்தகைய மழையைச் செயற்கைக்கோள்கள் குறைத்து மதிப்பிடுகின்றன. வால்பாறைப் பகுதிப் பள்ளியொன்று தன் மழைமானிக் குறிப்பை ஐமெர்க் தரவோடு ஒப்பிட்டால் கிடைக்கும் வேறுபாடு, என் பார்வையில், பாடநூலின் பல பக்கங்களைவிடப் பயனுள்ளது.

ஜிபிஎம் ஓர் இடத்தை எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்பதால், பல நாடுகளின் நுண்ணலைச் செயற்கைக்கோள்களையும், அவற்றுக்கிடையே விழும் இடைவெளிகளுக்குப் பூமியின் ஒரே பகுதிக்கு மேல் எப்போதும் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களின் அகச்சிவப்புப் படங்களையும் சேர்த்தே ஐமெர்க்கில் அரை மணி நேரத்துக்கு ஒரு மழைப்படம் உருவாக்கப்படுகிறது. முதல் பதிப்பு சில மணி நேரத்தில் வந்துவிடும். தரையிலுள்ள மழைமானிகளின் மாதாந்தரப் பதிவுகளைக் கொண்டு திருத்தப்பட்ட இறுதிப் பதிப்புக்குச் சில மாதங்கள் ஆகும். வகுப்பறை ஒப்பீட்டுக்கு அதுவே ஏற்றது.

ஒப்பிடும்போது கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். இந்திய வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. ஐமெர்க்கின் நாளோ உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் தொடங்குவதால் நமக்கு அது காலை 5.30 மணி. விடியற்காலையில் மழை கொட்டும் வடகிழக்குப் பருவத்தில் இந்த மூன்று மணி நேரம் ஒரு நாளின் மழையை அடுத்த நாளின் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். அரை மணி நேரத் தரவை 8.30 முதல் 8.30 வரை மாணவர்களே கூட்டிக்கொண்டால் இந்தக் குழப்பம் நீங்கும்.

நாசாவின் ஜியோவன்னி இணையதளத்தில் மென்பொருள் எதையும் நிறுவாமலேயே இடத்தையும் காலத்தையும் தேர்ந்து வரைபடம் பெறலாம். மும்பைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மாதச் சராசரியை அடுத்தடுத்து வரைந்தால், ஒன்றின் உச்சம் தென்மேற்குப் பருவத்திலும் மற்றதன் உச்சம் அக்டோபருக்குப் பிறகும் வருவதை மாணவர்கள் தாங்களே காண்பார்கள். ஆனால் காலநிலை மாற்றம் பற்றிய முடிவுக்கு இதே வரைபடத்திலிருந்து தாவக்கூடாது. காலநிலைச் சராசரிக்கு உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுகளை அளவாகக் கொள்கிறது. விண்வெளியிலிருந்து ரேடார் மூலம் மழையை அளப்பதோ 1997 நவம்பரில் ஏவப்பட்ட ட்ரம் செயற்கைக்கோளோடுதான் தொடங்கியது. ஓர் ஊரின் மழை நூறாண்டுகளில் கூடியதா குறைந்ததா என்று கேட்கும் மாணவருக்கு இன்றும் பழைய மழைமானிப் பதிவேடுகளையே காட்ட வேண்டியிருக்கிறது.