ரயில் டீசலின் கார்பன் கணக்கு: மார்ச் 31-க்குள் என்ன தர வேண்டும்?

தென்னாப்பிரிக்காவில் அரசு ரயில்-துறைமுக நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் தண்டவாளங்களில் சரக்கு ரயில் ஓட்ட 2025 ஆகஸ்டில் 11 புதிய நிறுவனங்கள் தேர்வாயின. இவற்றிலோ, டர்பன் துறைமுகப் பக்கம் ஷன்டிங் (பெட்டிகளைப் பிரித்து இணைக்கும் வேலை) எடுத்து நடத்தும் கம்பெனிகளிலோ கணக்குப் பார்க்கும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை ஒன்று உண்டு: பசுங்குடில் வாயு அறிக்கை.

2017 ஏப்ரலில் வந்த தேசிய விதிகளின்படி, ஆண்டுக்கு 1,00,000 லிட்டர் அல்லது அதற்கு மேல் ரயில் டீசல் எரிக்கும் நிறுவனம் சுற்றுச்சூழல் துறையில் பதிய வேண்டும். வேலை தொடங்கி 30 நாள் அவகாசம். பிறகு ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31-க்குள், முந்தைய ஜனவரி–டிசம்பர் கணக்கை அந்த அறிக்கைக்கான 'சேகர்ஸ்' (SAGERS) இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். டீசல் விலையிலேயே கார்பன் வரி போகிறதே (2025 ஏப்ரலில் லிட்டருக்கு 17 சென்ட் ஆனது) என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வரி வேறு, அறிக்கை வேறு.

கணக்கின் வேர் லிட்டர்தான். ஆண்டுத் தொடக்க இருப்பு, கூட்டல் வாங்கியது, கழித்தல் ஆண்டிறுதி இருப்பு. ஆண்டிறுதி இருப்பை டிசம்பர் 31 அன்றே டேங்கில் அளக்க வேண்டும். விடுமுறை முடிந்து வந்து அளந்தால் ஜனவரியில் எரிந்தது பழைய ஆண்டில் சேர்ந்துவிடும். லாரி, பேக்கி (பிக்-அப் வண்டி), ஜெனரேட்டருக்கு ஊற்றியதைப் பிரித்தெடுங்கள். அவை வேறு தலைப்பு.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? 10 லட்சம் லிட்டரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 0.84 கிலோ என்றால் 840 டன். டன்னுக்கு 43 கிகாஜூல் வெப்பம் வீதம் 36.12 டெராஜூல் (1,000 கிகாஜூல் ஒரு டெராஜூல்). ஒரு டெராஜூலுக்கு 74.1 டன் கரியமில வாயு என்பது ஐ.நா.வின் பருவநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழுவின் (IPCC) 2006 வழிகாட்டி மதிப்பு. ஆக சுமார் 2,676 டன். இந்த இடம்வரை யாரும் தவறு செய்வதில்லை. புகையில் வரும் இன்னொரு பசுங்குடில் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடில்தான் வழுக்குகிறார்கள். லோகோவுக்கு (ரயில் என்ஜினுக்கு) டெராஜூலுக்கு 28.6 கிலோ, நிலையான ஜெனரேட்டருக்கு வெறும் 0.6. லோகோ மதிப்பில் 1,033 கிலோ வரும்; கரியமில வாயுவைப்போல 265 மடங்கு புவியைச் சூடாக்கும் திறன் என்று எடுத்தால், 274 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஜெனரேட்டர் மதிப்பைப் போட்டால் 6 டன்னுக்கும் குறைவு. மொத்தத்தில் ஏறக்குறைய 9 சதவீதம் காணாமல் போகிறது. அந்த 265 என்ற மடங்கும் பதிப்புக்குப் பதிப்பு மாறும்; அந்த ஆண்டு அமலில் உள்ள துறை வழிகாட்டியைப் பார்த்துப் போடுங்கள். இன்னொன்று: எரிபொருள் சப்ளையர் மொத்த வெப்ப மதிப்பை (புகையிலுள்ள நீராவியோடு போகும் வெப்பத்தையும் சேர்த்தது) தந்திருந்தால் கணக்கு சுமார் 5 சதவீதம் கூடிவிடும். இந்த வாய்பாட்டுக்கு அதைக் கழித்த நிகர மதிப்புதான் வேண்டும்.

மின்சார ரயில் இந்த அறிக்கையில் வராது. டர்பன்–ஜோகன்னஸ்பர்க் தடத்தில் 3 கிலோவோல்ட் கம்பியில் ஓடும் லோகோவின் புகை, நிலக்கரி எரிக்கும் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் கணக்கில் ஏறுகிறது. செம்புக் கம்பி திருடு போய் அதே தடத்தில் டீசல் லோகோவை விட்டால் உங்கள் எண் ஒரே ஆண்டில் எகிறும். நாட்டின் மொத்தப் புகை அந்த அளவுக்குக் கூடியிருக்காது. எனவே ஆண்டறிக்கையில் கிலோவாட்-மணியைத் தனியாகக் காட்டுவது நல்லது. சட்டம் கேட்கவில்லை, வாடிக்கையாளர் கேட்பார்.

வாடிக்கையாளர் கேட்கும் மற்றொன்று, டன்-கிலோமீட்டருக்கு (ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல) எவ்வளவு புகை என்பது. எந்த டன்? 20 டன் வேகன் 60 டன் சரக்கோடு போய், காலியாகத் திரும்புகிறது என்று வையுங்கள். மொத்த எடையில் 80-உம் 20-உம் சேர்ந்து 100. சரக்கு எடையில் 60தான். மொத்த எடையால் வகுத்தால் புகை 40 சதவீதம் குறைந்தது போலத் தெரியும். லாரியோடு ஒப்பிடும் இடத்தில் சரக்கு எடையால் மட்டுமே வகுக்க வேண்டும்; எதால் வகுத்தீர்கள் என்பதையும் அட்டவணைக்குக் கீழே எழுதுங்கள்.