வெளிநாட்டுப் படைக்குப் பயிற்சி: எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

"இத்தனை ஆயிரம் வீரர்களுக்குப் பயிற்சி முடிந்துவிட்டது" என்று ஒரு நாடு இன்னொரு நாட்டுப் படையைப் பற்றி அறிக்கை விடும்போதெல்லாம் எனக்கு முதலில் வரும் சந்தேகம், அந்த வீரர்களுக்கு மாதாமாதம் சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பதுதான். காலாட்படையில் இருந்துவிட்டுப் பிறகு பயிற்றுநரானவன் நான். வெளிநாடுகளிலிருந்து வந்த அதிகாரிகளுக்கும் கிளர்ச்சி எதிர்ப்புப் பாடங்களை நடத்தியிருக்கிறேன். ரோந்து போவது, ஊரைச் சுற்றிவளைத்துத் தேடுவது, பதுங்கித் தாக்குவது, கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்த்துக் கால் வைப்பது எல்லாம் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். மலையிலும் காட்டிலும் வளர்ந்தவர்கள் பயிற்றுநரைவிட நன்றாகவே நடப்பார்கள். படைகள் சரிந்து விழுவது இந்த இடத்தில் அல்ல.

சரி, கிளர்ச்சியை அடக்குவதில் ராணுவத்துக்கு என்னதான் வேலை? கிளர்ச்சியாளர் சீருடை போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்பதில்லை. ஊருக்குள்ளேயே இருக்கிறார். துருப்புகள் பகலில் வந்து தேடிவிட்டு மாலையில் முகாமுக்குத் திரும்பினால், இரவில் அவர் வெளியே வருவார். ராணுவத்துக்குத் தகவல் சொன்னவரின் கதி அன்றோடு முடிந்தது. அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் ராணுவத்தால் ஆகக்கூடியது, ஓர் இடத்தில் தங்கி, போலீசும் நீதிமன்றமும் நிர்வாகமும் வேலை செய்ய அவகாசம் வாங்கித் தருவது மட்டுமே. அவை வரவில்லை என்றால் அந்த அவகாசம் வீண்.

மலாயாவில் (இன்றைய மலேசியாவின் தீபகற்பப் பகுதி) பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சி 1948 முதல் 1960 வரை அடக்கப்பட்டதை இதற்கு வெற்றி உதாரணமாகச் சொல்வார்கள். அங்கே மாவட்ட நிர்வாகி, போலீஸ் அதிகாரி, ராணுவ அதிகாரி மூவரும் ஒரே குழுவில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். உளவு வேலை போலீசின் ஸ்பெஷல் பிராஞ்சிடம் இருந்தது. அங்கே குடியேறியிருந்த சீனர்களுக்குக் குடியுரிமை விரிவாக்கப்பட்டது, 1955-ல் தேர்தல் நடந்தது, 1957-ல் சுதந்திரமும் வந்தது. காலனி ஆட்சியை விரட்டப் போராடுகிறோம் என்ற கிளர்ச்சியாளரின் வாதம் அதோடு பிசுபிசுத்தது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிரிட்டிஷ் ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் வகுத்து 1950-ல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். வகுப்பில் இதை ஒரே வரியில் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

வெளிநாட்டுப் படை என்றைக்காவது மூட்டை கட்டிக்கொண்டு போகும் என்பது கிராமத்துக்காரருக்கும் தெரியும், கிளர்ச்சியாளருக்கும் தெரியும். தெரியாதது போல நடந்துகொள்வது அந்தப் படை மட்டும்தான். அதற்குத்தான் உள்ளூர்ப் படையைத் தயார் செய்யும் வேலை. பாடம் கற்பிக்கும் நாடுகள் பல முறை இடறிய இடமும் இதுவே.

சம்பளத்துக்கு வருகிறேன். 2009-ல் ஆப்கானிஸ்தானின் வார்தக் மாகாணத்தில் சில போலீஸ்காரர்களுக்குச் சம்பளத்தை ரொக்கமாகத் தராமல் மொபைல் போன் வழியாக அனுப்பிப் பார்த்தார்கள். பணம் வந்ததும், சம்பளம் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது அவர்களுடைய பழைய சம்பளமேதான். ரொக்கமாக வந்த காலத்தில் சுமார் 30 சதவீதம் வழியிலேயே மேலதிகாரிகள் கைக்குப் போயிருந்தது. தன் சம்பளத்தில் கை வைக்கும் அதிகாரியின் கட்டளைக்காக உயிரைப் பணயம் வைக்க எந்தச் சிப்பாய் முன்வருவான்?

இதன் பெரிய வடிவம் ஈராக்கில் தெரிந்தது. 2014 ஜூன் 10 அன்று மொசுல் நகரம் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற ஆயுதக் குழுவின் கையில் விழுந்தது. தாக்க வந்தவர்களைவிடக் காவலில் இருந்த படை, கணக்குப்படி, பல மடங்கு பெரியது. அந்த ஆண்டு கடைசியில் பிரதமர் ஹைதர் அல் அபாதி நாடாளுமன்றத்தில் சொன்னார்: சம்பளப் பட்டியலில் 50,000 பேர் பெயரளவில் மட்டும் இருக்கும் சிப்பாய்கள். ஆள் இல்லை, அல்லது வேலைக்கு வருவதில்லை, சம்பளம் மட்டும் யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். சமையல்கூடத்தில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற கணக்கையும் சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. இடைவேளையில் தனியாக வந்து, தோட்டாக் கணக்கை எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்கும் அதிகாரிதான் என் கண்ணுக்கு நல்ல மாணவர். ஏனோ அவரைப் போன்றவர்கள் சுடும் போட்டியில் பரிசு வாங்குவதில்லை.

ஆப்கான் படைகளுக்காக அமெரிக்கா செலவழித்தது சுமார் 88 பில்லியன் டாலர். காகிதத்தில் 3 லட்சம் பேர் இருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்ததும், "அவர்களுக்குச் சண்டை போட மனமில்லை" என்று சொல்லிப் பலர் முடித்துவிட்டார்கள். அது அநியாயம். தான் பதவிக்கு வந்த 2014 முதல் பாதுகாப்புப் படையினர் 45,000 பேருக்கு மேல் உயிரிழந்ததாக ஆப்கான் அதிபர் அஷ்ரப் கானி 2019 ஜனவரியில் சொல்லியிருந்தார். மனமில்லாத படை இத்தனை உயிரைக் கொடுக்காது. ஹெலிகாப்டர் விஷயத்தைப் பாருங்கள். ஆப்கான் மெக்கானிக்குகளுக்கு ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-17 பழகியது. பெரும்பாலான பழுதுகளை அவர்களே சரிசெய்துவிடுவார்கள். 2017 முதல் அதன் இடத்தில் அமெரிக்காவின் பிளாக் ஹாக் வரத் தொடங்கியது. அதன் பராமரிப்பு ஏறக்குறைய முழுக்க வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் கையில். 2021-ல் அவர்கள் கிளம்பியபோது விமானப்படையின் கையே ஒடிந்தது போலாயிற்று. தொலைவில் இருக்கும் காவல் அரணுக்குத் தோட்டா போகாது, உணவு போகாது, குண்டடி பட்டவனைத் தூக்கிவர வாகனம் இல்லை. அங்கே நிற்பவன் என்ன செய்வான்? தாலிபானோடு ஊர்ப் பெரியவர்கள் பேசிவைத்த சரணடைவு ஒப்பந்தத்தில் அவனும் சேர்ந்துகொள்வான்.

தமிழ் வாசகர்கள் இதற்காக ஆப்கானிஸ்தான் வரை போக வேண்டியதில்லை. இந்திய அமைதிப்படை இலங்கையில் 1987 முதல் 1990 மார்ச் வரை இருந்தது. கிளம்பும் காலம் நெருங்கியபோது, வடகிழக்கு மாகாண சபையைக் காக்க இந்திய ஆதரவோடு தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்று உருவாக்கப்பட்டது. அதில் பலர் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள், பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. அமைதிப்படை ஒவ்வொரு பகுதியாக விலக விலக, முகாம்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கொடுத்த ஆயுதங்கள் புலிகள் கைக்குப் போயின. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அதே புலிகளுக்குப் பயிற்சி கொடுத்ததும் இந்தியாதான். பயிற்சிக்குப் பிந்தைய விசுவாசத்தை எந்தப் பாடத்திட்டத்தாலும் எழுதி வாங்க முடியாது.

அதே ஈராக்கில் வேறு மாதிரியும் நடந்தது. பயங்கரவாத எதிர்ப்புச் சேவை என்ற சிறப்புப் படையை அமெரிக்கச் சிறப்புப் படையினர் பத்தாண்டுக்கு மேல் வளர்த்தார்கள். கறாராகப் பொறுக்கி எடுத்த ஆட்கள், அவர்களோடு சேர்ந்தே களத்துக்குப் போன பயிற்றுநர்கள். 2016 அக்டோபரில் தொடங்கி 2017 ஜூலை வரை நடந்த மொசுல் மீட்புப் போரில் முன்னால் நின்றது இந்தப் படைதான், கடும் இழப்போடு. நாடும் அதே, மக்களும் அதே. பழகிய காலமும் ஆள் எடுத்த விதமும்தான் வேறு.

இன்னொரு விஷயம். மனித உரிமை வகுப்பை ஒப்புக்கு ஒரு மணி நேரம் வைத்துக் கைகழுவும் பழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. எல் சால்வடாரில் அமெரிக்கா பயிற்சி கொடுத்த அட்லகாட்டில் பட்டாலியன், 1981 டிசம்பரில் எல் மொசோட்டே கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது. அதில் பெரும்பகுதி குழந்தைகள். பிணங்களின் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு ராணுவக் கணக்கு மட்டும் பார்த்தாலும் அது நஷ்டமே. அப்படிப்பட்ட படைப்பிரிவு கால் வைத்த இடத்தில் கிளர்ச்சியாளருக்கு ஆள் தேடும் வேலையே இல்லை. கொடிய உரிமை மீறலில் ஈடுபட்டதற்கு நம்பகமான தகவல் இருக்கும் படைப்பிரிவுகளுக்கு உதவி தரக்கூடாது என்று அமெரிக்காவில் 1997 முதல் லேஹி சட்டம் இருக்கிறது. சட்டம் நல்லதுதான். ஆனால் அவசரம் என்று யாராவது மேஜையைத் தட்டினால் நடைமுறையில் முதலில் வளைவதும் இந்த மாதிரி விதிகளே.

அடுத்த முறை இப்படி ஒரு பயிற்சி ஒப்பந்தம் செய்தியில் வந்தால், எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறு விவரங்களைத் தேடிப் பாருங்கள். சம்பளத்துக்குப் பணம் யாருடையது, எத்தனை ஆண்டுக்கு? கொடுக்கும் வண்டியையும் வானூர்தியையும் பழுது பார்க்கப் போவது யார்? பயிற்றுநர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்களா, அதே ஆட்கள் திரும்ப வருகிறார்களா? அப்புறம், பயிற்சி முடித்தவர் ஓராண்டு கழித்து எந்தப் பொறுப்பில் இருக்கிறார்? இந்தக் கடைசி விவரம் அநேகமாக எந்த அறிக்கையிலும் இருக்காது. என்னிடம் படித்த கெட்டிக்கார அதிகாரிகள் சிலர் நாடு திரும்பியதும் தலைநகரில் கோப்பு பார்க்கும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். களத்தில் பட்டாலியனை நடத்தும் பொறுப்பு, வகுப்புக்கே வராத, மேலிடத்துச் சொந்தக்காரருக்குப் போனது. அறிக்கையில் மட்டும் அவர்கள் இன்னும் "பயிற்சி பெற்றவர்கள்" என்ற கணக்கில்தான் இருக்கிறார்கள்.