அபிடவிட்: வேட்பாளர் ஆணையிட்டுத் தரும் தாள்

வேட்புமனு தாக்கல் தொடங்கிவிட்டால் நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி ஓயாமல் அடிபடும் சொல் ‘அபிடவிட்’. “அபிடவிட்ல ஒரு பக்கம் கையெழுத்து விட்டுப்போச்சு”, “அபிடவிட் நெட்ல ஏறியாச்சு” என்று வக்கீல்களும் கட்சிக்காரர்களும் பேசிக்கொள்வார்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் வாயில்தான் இந்தச் சொல் அவ்வளவாக வருவதில்லை. அந்தத் தாள் எழுதப்படுவதோ அவர்களுக்காக.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘ஃபிடெஸ்’ என்றால் நம்பிக்கை. அதிலிருந்து பிறந்த ஒரு வினைமுற்றுதான் ‘அஃபிடாவிட்’: ‘ஆணையிட்டு உறுதி கூறியிருக்கிறார்’ என்பது பொருள். முழு வினைமுற்றே ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாகி, ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது.

தமிழில் அதிகம் வழங்குவது ‘பிரமாணப் பத்திரம்’. நாளிதழ்கள் இதைத்தான் எழுதுகின்றன. ஆனால் குமரி மாவட்டத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அந்த வழக்கில் பிரமாணம் என்றால் நிலத்தின் கிரய ஆவணம். மலையாளத்தில் இன்றைக்கும் அப்படித்தான். “வேட்பாளர் பிரமாணம் தாக்கல் செய்தார்” என்றால், பழைய ஆட்கள் வீட்டுப் பத்திரத்தை நினைப்பதில் வியப்பில்லை. எல்லை தாண்டினால் மலையாளச் செய்தியில் இதற்கு ‘சத்யவாங்மூலம்’ என்று பெயர். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்தவர் பலருக்குப் பழகிய சொல். நமது ‘வாக்குமூலம்’தான் அது, முன்னால் சத்தியம் சேர்ந்திருக்கிறது. இலங்கைத் தமிழர் ‘சத்தியக் கடதாசி’ என்பார்கள். அழகான சொல், கேட்டதும் புரிகிறது.

‘உறுதிமொழி ஆவணம்’ என்றும் எழுதுகிறார்கள். தமிழ்ச்சொல்தான், ஆனாலும் தேர்தல் நேரத்தில் அது தடம் மாற்றிவிடும். உறுதிமொழி என்றதும் பாலம் கட்டுவேன், துறைமுகம் கொண்டுவருவேன் என்கிற வாக்குறுதிதான் காதில் விழும். வாக்குறுதி நாளையைப் பற்றியது. மீறினாலும் சட்டம் கேட்காது. அபிடவிட் இன்றைய நிலையைப் பற்றியது. பொய் சொன்னால் தண்டனை உண்டு. இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுவது ‘ஆணையுறுதி ஆவணம்’ என்ற சட்டத்தமிழ்ச் சொல். ஆணையிட்டு உறுதிப்படுத்திய ஆவணம் என்று அதன் பொருள் தானே விரிகிறது. எழுத்தில் இதையே ஆளலாம். பேச்சில் பிரமாணப் பத்திரம் என்றால் தவறில்லை.

வேட்பாளர் தர வேண்டிய ஆணையுறுதி ஆவணத்துக்குப் பெயர் படிவம் 26. அது எளிதில் கிடைத்த உரிமையல்ல. வேட்பாளரின் குற்றவழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002 மே 2 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் கேட்பதற்கு மேல் எதையும் வேட்பாளர் சொல்ல வேண்டியதில்லை என்று அதே ஆண்டு நாடாளுமன்றம் தேர்தல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. கட்டங்களை வெறுமையாக விடக் கூடாது என்றது 2013 தீர்ப்பு. சொல்ல ஒன்றுமில்லை என்றால் ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்றாவது எழுத வேண்டும். கோடு போட்டு விட்டால் தேர்தல் நடத்தும் அலுவலர் நோட்டீஸ் கொடுப்பார். பரிசீலனை தொடங்கும் முன் புதிதாகத் தராவிட்டால் மனு தள்ளுபடி.

படிவத்தில் அ, ஆ என இரண்டு பகுதிகள். ‘ஆ’ என்பது கடைசியில் வரும் சுருக்கம். பெரும்பாலோர் அதிலுள்ள மொத்தச் சொத்து மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு, “இவ்வளவு கோடியா!” என்று மூடிவிடுகிறார்கள். விஷயம் இருப்பது ‘அ’ பகுதியில்.

முதலில் வழக்குகள். எண்ணிக்கையைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கடலோரத்தில் துறைமுகத்தை எதிர்த்தோ, 2017 ஒக்கிப் புயலில் காணாமல்போன மீனவர்களைத் தேடச் சொல்லியோ சாலையில் உட்கார்ந்தவர் மீதும் வழக்கு இருக்கலாம். கூட்டுறவு வங்கிப் பணத்தைக் கையாடியவர் மீதும் இருக்கலாம். இரண்டும் பட்டியலில் ஒவ்வொரு வரிதான். சட்டப்பிரிவைப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143 சட்டவிரோதமாகக் கூடுதல், 341 வழிமறித்தல், 188 அரசு அலுவலரின் உத்தரவை மீறுதல். போராட்ட வழக்குகளில் அடிக்கடி வருபவை இவை. 420 மோசடி, 307 கொலை முயற்சி. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் எண்கள் வரும். அதில் சட்டவிரோதக் கூட்டம் 189, வழிமறித்தல் 126, உத்தரவு மீறல் 223, மோசடி 318, கொலை முயற்சி 109. ஒரே ஆவணத்தில் இரண்டு வகை எண்களும் கலந்திருக்கும், குழம்ப வேண்டாம். அடுத்து, குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்ற கட்டத்தைப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கையோடு நிற்கும் வழக்கு வேறு. ஆதாரத்தைப் பார்த்து நீதிபதி குற்றச்சாட்டு வனைந்த வழக்கு வேறு. வழக்கு எண்ணும் நீதிமன்றமும் அங்கேயே இருக்கும். குழித்துறையோ இரணியலோ பத்மநாபபுரமோ, அந்த எண்ணை மின்-நீதிமன்ற இணையதளத்தில் இட்டால் வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

பிறகு சொத்து. வேட்பாளர், துணைவர், இந்துக் கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் எனத் தனித்தனிப் பத்திகள். ‘சார்ந்திருப்போர்’ என்ற சொல்லில் கவனம் தேவை. தனி வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பி வாழ்பவர்களை மட்டுமே அது குறிக்கும். சம்பாதிக்கும் மகன் பேரில் உள்ள எஸ்டேட் இதில் வராது. வராதது பொய்யும் ஆகாது.

நிலத்துக்கு சர்வே எண், பரப்பு, பரம்பரையா சுயசம்பாத்தியமா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு எல்லாம் கேட்கப்படும். சர்வே எண்ணையும் வருவாய்க் கிராமத்தையும் வைத்து வருவாய்த்துறை இணையதளத்தில் அ-பதிவேட்டை, அதாவது நிலம் யார் பேரில் எவ்வளவு என்று காட்டும் பதிவேட்டை, பார்க்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் அதே நிலத்தின் வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு குறித்திருக்கும் விலை, கிடைக்கும். வேட்பாளர் சொன்ன சந்தை மதிப்பு அதைவிடக் குறைவாக இருந்தால் கேள்வி கேட்க இடமுண்டு. இங்கே இரண்டு இடங்களில் தடுக்கும். ஊரில் வழங்கும் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் பல இடங்களில் வேறு வேறு. அளவும் மாறும்: படிவம் ஏக்கரில், பட்டா ஹெக்டேர்-ஏரில், நம் பேச்சு சென்டில். 1 ஏர் என்பது 2.47 சென்ட், 100 சென்ட் ஒரு ஏக்கர். பட்டாவில் 40 ஏர் என்றிருந்தால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்.

ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகையும் இருக்கும். அதைச் சொத்தோடு ஒப்பிடும்போது அவசரம் கூடாது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவரின் வரிக்கணக்கு சிறிதாக இருப்பது தன்னளவில் குற்றமல்ல. அதைவிடப் பயனுள்ள ஒப்பீடு, அதே வேட்பாளர் முந்தைய தேர்தலில் தந்த ஆவணத்தோடு செய்வது. அப்போது இல்லாத சர்வே எண் இப்போது இருந்தால், வாங்கிய தேதியும் விலையும் பக்கத்திலேயே நிற்கும். அரசுடன் செய்துள்ள ஒப்பந்தங்கள் என்றொரு கட்டமும் உண்டு. சாலை, கட்டட வேலைகளை யார் எடுத்திருக்கிறார்கள் என்பது அங்கே தெரியும். எல்லாரும் தாண்டிப் போகும் கட்டம் அது. நின்று பார்க்க வேண்டிய கட்டமும் அதுதான்.

மிகப் பெரிய தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது: மனு ஏற்கப்பட்டால் உள்ளே எழுதியதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்பது. அப்படியில்லை. ஆவணம் முழுமையாக இருக்கிறதா, நோட்டரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ ஆணையிடப்பட்டதா என்று பார்ப்பார்களே தவிர, எழுதியது உண்மையா என்று அலுவலர் விசாரிப்பதில்லை. வேட்பாளர் ஆணையிட்டுச் சொல்கிறார். அதைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.

படிக்க நேரம் இருக்கிறதா? இருக்கிறது. மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தேர்தல் ஆணைய இணையதளத்தில் வேட்பாளர்களின் ஆவணப் பகுதிக்குப் போய்த் தேர்தல், மாநிலம், தொகுதி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கேன் செய்த ஆவணம் இறங்கும். தேர்தலைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 2021 ஏப்ரல் 6 அன்று மாவட்டம் முழுவதும் சட்டமன்றத்துக்கும் கன்னியாகுமரி மக்களவை இடைத்தேர்தலுக்கும் சேர்த்து வாக்களித்தது. 2024 ஏப்ரல் 19 அன்று விளவங்கோடு தொகுதியினருக்கு மக்களவைத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் இருந்தது. இப்படிப்பட்ட நாளில் ஒரு பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் இரண்டாவது ஓட்டு கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டதாகிவிடும். ஒரு வேட்பாளர் நான்கு மனுக்கள் வரை தரலாம் என்பதால் ஒரே பெயரில் பல கோப்புகள் தெரியும். திருத்திப் பின்னால் தந்தது எது என்று தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணினி வசதி இல்லாதவர்கள் தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையில் பார்க்கலாம்.

எழுதியது பொய் என்று உங்களிடம் ஆதாரம் இருந்தால், நீங்களும் ஆணையிட்டு எதிர் ஆவணம் தாக்கல் செய்யலாம். அதையும் அலுவலர் வெளியிட வேண்டும். பொய்த் தகவலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125அ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். அதற்கான புகாரை நீதிமன்றத்தில் தர வேண்டும். வெற்றியையே எதிர்ப்பதென்றால் முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போட வேண்டும்.