ஃபெரெட்டுக்கு எலி வளர்க்கும் முன் ஒரு கணக்கு

"டாக்டர், கறி வாங்கிக் கட்டுப்படியாகல. வீட்டிலேயே சுண்டெலி வளர்த்துக் கொடுக்கலாம்னு பார்க்கிறேன். ஒரு ஜோடி போதுமா?" கீரிபோல் நீண்ட உடல்கொண்ட செல்லப்பிராணியான ஃபெரெட்டை வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. போதாது. எவ்வளவு போதாது என்பதைத் தாளில் எழுதிக் காட்டினால் பலருக்கும் திகைப்பாக இருக்கிறது.

ஒரு கிலோ எடையுள்ள ஃபெரெட்டுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 70 கிராம் பச்சை இறைச்சி உணவு வேண்டும். வளர்ந்த சுண்டெலி 20 முதல் 30 கிராம்தான். அப்படியென்றால் நாளுக்கு இரண்டு மூன்று; மாதத்துக்கு 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஈற்றில் எட்டுக் குட்டி தேறினால், மாதம் பத்து ஈற்று வேண்டும். தாய்க்கு ஓய்வு கொடுத்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஈனவிட்டால், பதினான்கு பெட்டைகள் இல்லாமல் இது நடக்காது. ஒரே ஒரு ஃபெரெட்டுக்கு!

அதே கணக்கை வெள்ளை எலிக்குப் போடுங்கள். ஐந்து வாரத்தில் குட்டி 100 கிராமைத் தொட்டுவிடும். மாதம் 18 போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈனும் நான்கு பெட்டைகளும் ஒரு கிடாவும் (ஆண் எலி) இருந்தாலே சமாளிக்கலாம். கழுவ வேண்டிய பெட்டிகளும் குறைவு. அதனால் நான் பெரும்பாலும் எலியைத்தான் சொல்வேன். ஒரே வேளைக்கு அது அதிகம் என்பதால் துண்டு போட்டுக் கொடுங்கள். மிச்சத்தை ஃபெரெட் எங்காவது கொண்டுபோய் ஒளித்துவைக்கும். மூன்றாம் நாள் நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

முழு எலி நல்ல உணவா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபெரெட் முழு ஊனுண்ணி. குடல் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். தசை, எலும்பு, ஈரல், இதயம் எல்லாம் ஒன்றாகக் கிடைப்பது அதன் உடம்புக்குப் பொருந்துகிறது. ஆனால் ரோமம் முளைக்காத இளங்குட்டிகளை மட்டுமே கொடுக்காதீர்கள். அவற்றின் எலும்பில் சுண்ணாம்புச்சத்து போதாது. சிறு வயதிலிருந்தே உலர் தீவனம் தின்று பழகிய ஃபெரெட் எலியை முகர்ந்துவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும்.

பணம் எங்கே வீணாகிறது? தீவன விலையில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, வளர்ந்து முடிந்தவற்றை வைத்துக்கொண்டிருப்பதில்தான் வீணாகிறது. எலியும் சுண்டெலியும் 21 நாளில் பால் மறக்கும். சுண்டெலி ஆறு வாரத்தில் ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்துவிடும். அதன்பிறகு நாளுக்கு 4 கிராம் தீவனம் தின்னுமே தவிர எடை பெரிதாகக் கூடாது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடைபோட்டு எழுதிவையுங்கள். எலியிலும் எடை ஏறுவது மந்தமானால் தீனிக்கு எடுக்கும் நாள் வந்துவிட்டது. பால் மறக்கும்போதே ஆண் பெண் பிரித்துவிடுங்கள். ஓர் ஆண் தப்பி உள்ளே இருந்துவிட்டால் ஆறாவது வாரத்தில் எத்தனை சினை என்று உங்களுக்கே தெரியாது. ஈனும் முன் கிடாவையும் வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். ஈன்ற ஒரு நாளுக்குள் பெட்டை மறுபடி சினைக்கு வரும். விட்டுவைத்தால் லாபம்போல் தெரியும். ஆனால் பாலும் சினையுமாகத் தாய் உருக்குலைந்து போகும்.

ஓர் இளைஞர் தன் ஃபெரெட்டைக் கொண்டுவந்தார். ரோமம் மங்கி, மெலிந்திருந்தது. தீனி வளர்க்கும் பெட்டியையும் கொண்டுவரச் சொன்னேன். மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது. ஈர விரிப்பிலிருந்து கிளம்பிய அமோனியா. எலிகளின் கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பாகக் காய்ந்திருந்தது. "சண்டை போட்டு ரத்தம் வந்துடுச்சு சார்" என்றார். அது ரத்தமில்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பி விடும் சிவப்பு நிறக் கசிவு. எலிக்கு நோயோ மன அழுத்தமோ வந்தால் தெரியும் அடையாளம். ஒன்றைக் காதருகே வைத்தேன், மூச்சு கிர் கிர் என்றது. சிக்கனத்துக்காகக் காய்ந்த ரொட்டியை மட்டுமே போட்டு வந்திருக்கிறார். பாதிக் குட்டிகள் பால்குடியிலேயே செத்துக்கொண்டிருந்தன. அந்த நஷ்டத்தை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. 16 முதல் 20 சதவீதம் புரதமுள்ள எலித் தீவனம், எந்நேரமும் நல்ல தண்ணீர், அடிக்கடி மாற்றும் காகிதத் துணுக்கு விரிப்பு என்று மாற்றச் சொன்னேன். மணக்கும் தேவதாரு மரச்சீவல் வேண்டாம், மூச்சுக்குழாயை அரிக்கும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் கிடாவின் விந்தும் கெடும். பெட்டியை நிழலில், காற்றோட்டமாக வைக்க வேண்டும்.

அடுத்து, கொல்வது. இதைப் பேசத் தயங்குபவர்கள் எலி வளர்க்கவே வேண்டாம். உயிரோடு ஃப்ரீசரில் போடுவது சித்திரவதை. உயிருள்ள எலியை ஃபெரெட்டின் முன் விடுவதும் கூடாது. எலிக்கும் வதை, கடிபட்டால் ஃபெரெட்டுக்கும் காயம். சிலிண்டர் கரியமில வாயுவை நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்ற அளவில் மெல்லச் செலுத்த வேண்டும் என்பது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உலர்பனியிலிருந்தோ (உறைந்த கரியமில வாயு) வீட்டுக் கலவைகளிலிருந்தோ வரும் வாயு அதற்கு ஈடாகாது. பிறந்து சில நாளே ஆன குட்டிகளுக்கு இந்த முறையில் மிக நீண்ட நேரம் பிடிக்கும். அந்த வயதில் எடுக்காதீர்கள். முதல்முறை உங்கள் கால்நடை மருத்துவரை அருகில் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். உயிர் போனதை உறுதிசெய்த பிறகே உறையவைத்து, தேவைப்படும் முன்னிரவில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிடுங்கள். உறையவைப்பதால் சால்மொனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி சாகாது, எனவே கத்தி, பலகை எல்லாம் தனியாக இருக்கட்டும்.

தெருவிலும் வயலிலும் பிடித்த எலியை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். அது எலிமருந்து தின்றிருந்தால், ரத்தம் உறையவிடாத அந்த நஞ்சு ஃபெரெட்டையும் கொல்லும். வளர்ப்பு எலி மூலம் மனிதருக்கும் நோய் வரலாம். குறிப்பாகச் சுண்டெலியிலிருந்து தொற்றும் ஒருவகை மூளையுறை அழற்சி வைரஸ் கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பெட்டி கழுவும் வேலை அவருடையதாக இருக்கக் கூடாது. முடிந்தால் பெட்டியே அந்த வீட்டில் இருக்கக் கூடாது.